ஓரங்கட்டினால் கரண்ட் வரும்!

முதலில் ஒரு வாக்குமூலம்.

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். அவர்கள் சம்பளம் என்று கொடுத்ததை நான் வீட்டில் பஸ் சார்ஜ் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரு சாயங்காலம், பார்ட்டி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த பாலன்ஸ் ஷீட் என் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் காபி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் முழங்கை இருந்தது. மூன்றே சொட்டுதான். மூன்றும் குறி பார்த்தாற்போல் நிகர லாபத்தின் மேல்!

துடைத்தால் பரவுமே என்ற பயத்தில் அப்படியே காயவிட்டுக் கிளம்பிவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் மூன்று வட்டங்கள். நடுவில் வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கறுப்பாக, யாரோ பென்சிலால் கவனமாக வளைத்து வளைத்து வரைந்த மாதிரி. தலைமைக் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தம்பி, லாபத்துக்குப் பக்கத்துல பேனாவால சைபர் போடறவங்களைப் பார்த்திருக்கேன். காபியால போட்டவன் நீதான்" என்றார்.

மறுபடி டைப் செய்து, ராத்திரி பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போய், பார்ட்டியிடம் புதுக் கையெழுத்து வாங்கி வந்தேன். டிக்கெட் என் செலவு. அடுத்த மாதமே "உனக்கு வேற லைன்தான்ப்பா சரியா வரும்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வேற லைன்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

'காபி கொட்டினால் முழுக்கத்தானே கறையாகணும், ஓரம் மட்டும் ஏன் கறுத்தது?' என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. வேலை போகிற அவசரத்தில் இருப்பவன் விஞ்ஞானம் கேட்பானா? பதில் போன மாதம்தான் கிடைத்தது. அதுவும் என் அக்கா பையனின் கஷ்டத்திலிருந்து.

*

அக்கா போன் பண்ணினாள். "டேய், இவன் பிஎச்.டி.யை விட்டுடறேங்கறான். விடட்டும், நல்லதுதான். பேங்க் எக்ஸாமுக்கு ஃபார்ம் போடச் சொல்லு. நீ சொன்னா கேட்பான்."

சி.ஏ. பரீட்சையில் மூன்று முறை குப்புற விழுந்தவன் சொன்னால் எவன் கேட்பான்? ஆனாலும் அக்கா சொல்லைத் தட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பையனை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆள் இளைத்திருந்தான். சட்டையில், முதுகுப் பக்கம், வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு.

"என்னடா பிரச்னை?"

"வெள்ளி இங்க் மாமா. எட்டு மாசமா படுத்துது."

"காய மாட்டேங்குதா? ஃபேனைப் போடேன்."

"காயுது மாமா. தப்பா காயுது."

தப்பாகக் காய்வது என்றால் என்ன? எனக்குத் தெரிந்து துணி இருக்கிறது, இல்லாவிட்டால் வடகம் இருக்கிறது. அவன் பொறுமையாக ஆரம்பித்தான். அவன் சொன்னதை நான் என் காமர்ஸ் மூளையில் பெயர்த்து எழுதிக்கொண்டேன். அதைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

உலோகங்களிலேயே மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதை உருக்கி ஊற்ற வேண்டுமென்றால் 962 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் ஷீட்டை நினைத்துப் பாருங்கள், புகைகூட மிஞ்சாது. அதனால் வெள்ளியை மகா பொடியாக்கிவிடுகிறார்கள். எவ்வளவு பொடி? ஒரு துகள் 20 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே அதில் நாலாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம் (முடி இருப்பவர்களுக்கு). இவ்வளவு பொடியானால் வெள்ளிக்குக் குணம் மாறிவிடுகிறது. நூற்றைம்பது டிகிரி பக்கத்திலேயே, சில ரசாயன வித்தைகளால் சாதாரண அறைச் சூட்டிலேயேகூட, துகளும் துகளும் ஒட்டிக்கொண்டு விடுகின்றன. ஒட்டிக்கொண்டால் கரண்ட் போகும்.

இந்தத் தூளைத் தண்ணீரிலோ வேறு திரவத்திலோ கலந்தால் வெள்ளி இங்க் ரெடி. துகள்கள் முன்கூட்டியே கட்டி தட்டிவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ரசாயனச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். காய்ந்தபின் சட்டையைக் கழற்ற வேண்டும். இன்க்ஜெட் பிரிண்டர் மாதிரி ஒன்றில் இந்த இங்கை ஊற்றி, பிளாஸ்டிக் மேல் கோடு அடித்தால் அதுதான் ஒயர். ஈயம் வைத்து ஊதவேண்டாம், செம்புத் தகட்டைப் போட்டு ஆசிட்டில் அரிக்கவேண்டாம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற மாதிரி சர்க்யூட் அச்சடிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் அடித்த கோடு காய்ந்ததும், நடுவில் வெள்ளியே இல்லை. இருந்த வெள்ளியெல்லாம் இரண்டு ஓரத்துக்கும் ஓடிப்போய், ஒரு கோடு ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டாக நிற்கிறது. சொட்டு வைத்தால் வளையம்.

"சாட்சாத் உங்க பாலன்ஸ் ஷீட் கறைதான் மாமா" என்றான். அந்தக் கதை குடும்பம் முழுக்கத் தெரியும்.

*

சரி, ஏன் ஓரத்துக்கு ஓடுகிறது?

இதற்குச் சரியான பதிலை அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் முதலானவர்கள் 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். உலகத்தில் பல நூற்றாண்டுகளாகக் காபி சிந்திக்கொண்டிருக்கிறது. துடைக்கத்தான் ஆள் இருந்தது.

விஷயம் இதுதான். தரையில் ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. சொட்டின் உச்சியில் கிளம்பும் நீராவிக்கு நாலா பக்கமும் சக நீராவியின் நெரிசல். ஓரத்தில் கிளம்புவதற்கு வெளிப் பக்கம் பூராவும் காலி. பஸ்ஸில் நடு சீட்டுக்காரரையும் படிக்கட்டில் நிற்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டாப்பிங் வந்ததும் முதலில் குதிப்பவர் யார்? அதனால் ஓரத்தில் ஆவியாவது ஜாஸ்தி.

ஓரத்தில் தண்ணீர் குறைந்தால் சொட்டு சுருங்கிக்கொண்டே உள்ளே போக வேண்டும் அல்லவா? போக முடியாது. தரையின் சொரசொரப்பும், ஏற்கெனவே வந்து ஒட்டிய துகள்களும் சேர்ந்து ஓரத்தை ஆணி அடித்தாற்போல் பிடித்துக்கொள்கின்றன. எல்லை மாறக்கூடாது, ஆனால் எல்லையில் செலவு அதிகம். காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. கிளை ஆபீஸில் செலவு எகிறுகிறது, கிளையை மூடவும் முடியாது. என்ன செய்வார்கள்? ஹெட் ஆபீஸிலிருந்து பணம் மாற்றுவார்கள். அதே மாதிரி சொட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் போகும்போது காபித்தூளையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஓரம் சேர்ந்ததும் தண்ணீர் ஆவியாகிக் கம்பி நீட்டிவிடும். தூளுக்கு ஆவியாகத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்துவிடும். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஹெட் ஆபீஸ் காலி, சரக்கு பூராவும் கிளையில்.

சிகாகோக்காரர்கள் இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. சொட்டின் மேல் ஒரு மூடியைப் போட்டு, மூடியின் நடுவில் மட்டும் சின்ன ஓட்டை வைத்தார்கள். இப்போது ஓரத்தில் ஆவி போக வழியில்லை. வளையமும் விழவில்லை! ஆணி அடித்தாற்போல் பிடிக்காத வழுக்கலான டெஃப்லான் மேல் சொட்டு வைத்தார்கள். அங்கேயும் வளையம் இல்லை. ஆக, இரண்டு குற்றவாளிகளும் கையும் களவுமாக மாட்டினார்கள்.

இங்கே ஒரு திருத்தம். டபராவைத் தூக்கினால் மேஜையில் வட்டம் இருக்கிறதே, அது இந்த வட்டம் இல்லை. அது பாத்திரத்தின் அடி விளிம்பு போட்ட முத்திரை. சிந்திய சொட்டு தானாகக் காய்ந்து போட்டுக்கொள்ளும் வட்டம்தான் நம் கதாநாயகன். போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைக்காமல் வைத்தால், சொட்டுச் சொட்டாக வெள்ளை வளையம் விழுமே, அதுவும் இவர் வம்சம். பையன் சட்டையில் பார்த்த உப்புக் கோடும் தூரத்துச் சொந்தம்.

ஆபீஸ் போகிறவர்களுக்காக இன்னொரு தகவல். சொட்டு காய்ந்து முடியப் போகும் நேரத்தில், சொட்டின் உயரம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் ஓரத்தின் பசி குறைவதில்லை. அவ்வளவு குறுகலான வழியில் அதே அளவு தண்ணீர் போக வேண்டுமென்றால் வேகம் எகிறத்தானே வேண்டும்? முதலில் சாவகாசமாக வந்த துகள்கள் வரிசையாக, ஒழுங்காக அடுக்கி நிற்கும். கடைசி நேரத்தில் வருபவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கன்னாபின்னாவென்று கிடக்கும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் 2011-ல் இதைக் காட்டி, 'ரஷ் ஹவர்' என்றே பெயர் வைத்தார்கள். தாம்பரம் லோக்கலில் ஆறு மணிக்கு ஏறியிருப்பார்கள் போலிருக்கிறது.

*

வளையத்தை ஒழிக்க வழியே இல்லையா? இருக்கிறது.

ஒரு வழி, இங்கில் இரண்டு திரவங்களைக் கலப்பது. உதாரணமாகத் தண்ணீரோடு எத்திலீன் கிளைக்கால். ஓரத்தில் தண்ணீர் சீக்கிரம் பறந்துவிட, கிளைக்கால் மிஞ்சுகிறது. அதற்குப் பரப்பு இழுவிசை குறைவு. தண்ணீர் அதிகமுள்ள நடுப்பக்கத்தின் இழுவிசை அதிகம். கயிறு இழுக்கும் போட்டியில் பலசாலி பக்கம் எல்லோரும் சரிவது போல, மேல்பரப்பு ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுபடுகிறது. வெளியே போன துகள்களை 'வீட்டுக்கு வாங்கடா' என்று திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த இழுவைக்கு மாரங்கோனி விளைவு என்று பெயர். 19-ம் நூற்றாண்டு இத்தாலிக்காரர்.

இன்னொரு வழி வேடிக்கையானது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங்கர், அர்ஜுன் யோத் முதலானவர்கள் 2011-ல் உருண்டைத் துகளுக்குப் பதில் நீள்வட்டத் துகளைப் போட்டுப் பார்த்தார்கள். உருண்டை உருண்டோடி ஓரத்துக்குப் போய்விடுகிறது. நீளமானவை நீர்ப்பரப்புக்கு வந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தளர்வான வலை மாதிரி நின்றுவிடுகின்றன. ஓரத்துக்கு நகரவே மாட்டேன் என்கின்றன. கறை சமமாகக் காய்கிறது.

பையன் இதையெல்லாம் ஏற்கெனவே படித்தவன். கிளைக்காலைக் கூட்டினான், குறைத்தான். ஒரு நாள் சமமாக வருகிறது. மறுநாள் அதே கலவை, அதே பிரிண்டர், தண்டவாளம். காற்றில் ஈரப்பதம் மாறினால் மாறுகிறது. ஷீட்டைத் துடைத்த விதம் மாறினால் மாறுகிறது. கோட்டின் நடுவில் மீட்டரை வைத்தால் முள் அசைய மறுக்கிறது. "சமமா வர்ற ஒரு கோடு காட்டு, அப்புறம் பேசலாம்" என்கிறாராம் கைடு. கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் சேர்ந்து, கார் வாங்கி, அந்தக் கார் மேல் சாய்ந்து போட்டோ போடுகிறார்கள். ஸ்காலர்ஷிப் பணம் மூன்று மாதமாக வரவில்லை.

"விட்டுடலாம்னு இருக்கேன் மாமா. அம்மா சொல்றதும் சரிதானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், எனக்குப் பதில் தெரியவில்லை. சி.ஏ.வை நான் விட்டது சரியா என்பதே இன்னும் முடிவாகவில்லை. மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்று என்னிடம் யாராவது ஏதாவது கேட்டிருக்கலாம் என்று மட்டும் அடிக்கடி தோன்றும். ஆகவே கேட்டேன். அதுவும் மகா அசட்டுக் கேள்வி.

"ஏண்டா, நடுவுல வெள்ளி இல்லைங்கறே. அப்ப ஓரத்துல இருக்கே, அந்த வெள்ளி என்ன பண்ணுது?"

"ஓரத்துலயா? அதை யாரு மாமா பார்த்தா? எனக்கு வேண்டியது நடு."

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. கணக்கு டேலி ஆகவில்லை என்றால், இல்லாத பணத்தைத் தேடாதே, எங்கே கூடுதலாக நிற்கிறதோ அங்கே பார் என்பார் தலைமைக் குமாஸ்தா. அதை அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டான்.

*

நாலு நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்குப் போன். "மாமா, ஓரம் ரெண்டுலயும் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். ரெண்டும் பிரமாதமா கடத்துது! தேடிப் பார்த்தா இதையே ஒரு கோஷ்டி வேணும்னே பண்ணியிருக்காங்க!"

அந்தக் கோஷ்டி ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்து ஷ்லோமோ மக்தாசி குழு. வருஷம் 2009. எல்லோரும் வளையத்தை ஒழிக்கப் பார்த்தபோது, இவர்கள் வளையத்தை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எடையில் அரை சதவிகிதம் மட்டும் வெள்ளி கலந்த இங்க். அதை இன்க்ஜெட்டில் சொட்டுச் சொட்டாக அடித்தார்கள். ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளி மோதிரம். நடு ஓட்டை சுமார் 150 மைக்ரான், அதாவது இரண்டு தலைமுடி அகலம். மோதிரத்தின் கம்பி 10 மைக்ரானுக்கும் குறைவு, உயரம் 300 நானோமீட்டருக்கும் குறைவு. மோதிரத்தோடு மோதிரம் கோத்துச் சங்கிலி வலை மாதிரி அடுக்கினார்கள். வெள்ளி பூராவும் கம்பியில், நடுவில் வெறும் வெளிச்சம். விளைவு? கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத ஒரு படலம். 95 சதவிகிதம் ஒளி ஊடுருவுகிறது, கரண்டும் போகிறது. அரை சதுர சென்டிமீட்டருக்கு மின்தடை நாலு ஓம் பக்கம்தான். அதிகச் சூட்டில் சுடவும் தேவைப்படவில்லை.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்பீர்கள். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போனை எடுங்கள். கண்ணாடி வழியாகப் படமும் தெரியவேண்டும், விரல் பட்டால் மின்சாரத்தில் மாற்றமும் தெரியவேண்டும். ஒளியும் விடணும், கரண்ட்டும் விடணும். சாதாரணமாக இந்த இரண்டுக்கும் ஆகாது. உலோகம் கரண்ட்டை விடும், வெளிச்சத்தை விடாது. கண்ணாடி நேர் எதிர். இரண்டையும் விடுகிற அபூர்வப் பிறவி இண்டியம் டின் ஆக்ஸைடு என்று ஒன்று. தொடுதிரைகளில் பெரும்பாலும் இதுதான் வேலை பார்க்கிறது. ஆனால் அதற்கு இரண்டு குறை. இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பெரும்பாலும் துத்தநாகம் எடுக்கும்போது கிடைக்கிற உபரிதான். இரண்டாவது, அது மொறுமொறுப்பான சாமான். வளைத்தால் அப்பளம். மடக்குகிற திரை, சுருட்டுகிற சோலார் பேனல் என்று ஆசைப்படுகிறவர்கள் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு மனுப் போட்டிருப்பவர்களில் நம் வெள்ளி மோதிரமும் ஒருவர். இன்னும் ஆர்டர் கைக்கு வரவில்லை. போட்டி பலம்.

பிளாஸ்டிக் மேல் வெள்ளிக் கோடு என்பது என்னவோ கனவு என்று நினைக்க வேண்டாம். ஆபீஸில் செத்துப்போன கம்ப்யூட்டர் கீபோர்டு இருந்தால் (இருக்கும்) திறந்து பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் ஷீட்டில் சாம்பல் நிறத்தில் கோடுகள் ஓடும். அநேகமாக அது வெள்ளிப் பசையால் அச்சடித்ததுதான். அது கொஞ்சம் தடிப் பரம்பரை, நம் நானோ இங்க் அதற்குக் கொள்ளுப்பேரன்.

*

இப்போது பையன் நிலவரம். கைடு முன்னால் போய், "ஸார், சமமான கோடு வரலை. ஆனா ஒரு தடவை அடிச்சா ரெண்டு மெல்லிய கோடு வருது. நம்ம பிரிண்டரால அவ்வளவு மெல்லிசா நேரா அடிக்கவே முடியாது. காயறதே அடிச்சுக் குடுக்குது" என்றிருக்கிறான். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்துத் தடவை இதே மாதிரி வருமா?" என்று கேட்டாராம். இப்போது அந்தப் பத்துத் தடவையில் இருக்கிறான். போன வாரம் வரை ஆறு ஒழுங்காக வந்தது. ஏழாவது சொதப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து.

இதனால் அவனுக்கு டாக்டர் பட்டம் கிடைக்குமா? தெரியாது. ஸ்காலர்ஷிப் பாக்கி வந்துவிடுமா? அதுவும் தெரியாது. வெள்ளி காய்வதைவிட அது மெதுவாகத்தான் காய்கிறது. அதுவரை மாசா மாசம் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இந்தப் பத்திக்கு வரும் சன்மானத்தில் முக்கால்வாசி அங்கேதான் போகும்.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். "ஆறு மாசம் டைம் குடு" என்றேன்.

"பேங்க் எக்ஸாம் ஃபார்ம்?"

"அதையும் போடச் சொல்லியிருக்கேன்."

"நீ என்ன சொன்னே அவன்கிட்ட? திடீர்னு சாப்பிடறான், தூங்கறான்."

"காபி கொட்டின கதையைச் சொன்னேன்."

"அதை இன்னுமா சொல்லிட்டிருக்கே!" என்று வைத்துவிட்டாள்.

பி.கு.: இதை எழுதுவதற்காக ராத்திரி ஒரு கண்ணாடித் தட்டில் நாலு சொட்டு டிகாக்ஷனைத் தண்ணீர் கலந்து வைத்து, காலையில் லென்ஸால் பார்த்தேன். நாலும் அம்சமான வளையம். நீங்களும் வைத்துப் பாருங்கள். ஆனால் வீட்டில் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வையுங்கள். என் அடுத்த நாலு சொட்டு ஆராய்ச்சி பாதியில் இருக்கும்போதே சபீனா போட்டுத் தேய்க்கப்பட்டுவிட்டது.